கட்ச் கரையோரக் குக்குலு: பத்து வருஷம் வளந்து ஒரே சீசன்ல சாகுற செடி

காரைக்குடியில எந்த நாட்டு மருந்துக் கடையில போய் மைசாட்சி கேட்டாலும் எடுத்துக் குடுத்துருவாங்க. வெள்ளிக்கிழமை சாம்பிராணியோட தட்டிப் போட்டு வீட்டுக்குப் புகை காட்டுறவங்க, மூட்டுவலிக்கு மருந்து கிண்டுற வைத்தியருங்கன்னு ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கும், ஆனா அந்தக் கட்டி எந்தச் செடியிலருந்து வடியுது, அந்தச் செடி இப்ப உசுரோட இருக்கா இல்லையான்னு மட்டும் யாரும் கேக்குறதில்ல. அது குக்குலுச் செடி. குஜராத்துல கட்ச் கடலோரம், ராஜஸ்தான், எல்லைக்கு அங்கிட்டு சிந்து, பலுசிஸ்தான், இதுதான் அதோட சொந்த ஊரு. 2015-ல உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் போடுற சிவப்புப் பட்டியல்ல 'மிக மோசமா அழியும் நிலை'ங்கிற வகையில இதைச் சேத்தாங்க. காட்டுல ஒண்ணுகூட இல்லைன்னு எழுதுறதுக்கு முந்தின படி அது. எண்ணிக்கை குறையுற வேகத்தை வெச்சு அந்த முத்திரையப் போடணும்னா, மூணு தலைமுறைக்குள்ள 80 சதவீதமாவது காணாமப் போயிருக்கணும்.

நான் பாட்டனி படிச்சேன், இப்ப சித்தப்பாவோட மருந்துக் கடையில கணக்கு பாக்குறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்ததுல எனக்குப் படுறது இதுதான்: இந்தச் செடி ஏன் சாகுதுங்கிறதுக்குப் பதிலைக் காட்டுல தேடுறதை விட கொள்முதல் பில்லுல தேடுனா சீக்கிரம் கிடைக்கும். உசுரோட இருக்குற செடியில எடுத்த கோந்துக்கும், செடியையே கொன்னு எடுத்த கோந்துக்கும் கிலோவுக்கு ஒரே விலைதான். இதுக்கு மேல எழுதுறது எல்லாம் அந்த ஒரே விலை ஒரு செடிக் கூட்டத்தை என்ன பண்ணுதுங்கிறதைப் பத்திதான்.

செடி எப்படிப்பட்டது

விஞ்ஞானப் பேரு கொம்மிஃபோரா வைட்டியை. நம்ம மெட்ராஸ் மாகாணத்துல கம்பெனி டாக்டரா இருந்துக்கிட்டே தென்னிந்தியச் செடி கொடியெல்லாம் சேகரிச்ச ராபர்ட் வைட் பேரைத்தான் 1839-ல இதுக்கு வெச்சாங்க, கோயம்புத்தூர்ல பருத்திச் சோதனை நடத்துன அதே வைட். நம்மாளுங்களுக்கு இதோட சொந்தக்காரச் செடி நல்லாவே பழக்கம். செட்டிநாட்டுப் பக்கம் கொல்லைக்கும் தோட்டத்துக்கும் வேலியா நிக்குற முள்ளுக்கிளுவை இருக்குல்ல, அது இதே கொம்மிஃபோரா பேரினம்தான். கிளுவைப் போத்து ஒண்ணை ஒடிச்சு நட்டா அது பாட்டுக்குத் துளுத்துக்கும், குக்குலுவும் அந்த ஜாதிதான்.

அத்தான் காந்திதாம்ல ஷிப்பிங் கம்பெனியில வேலை பாக்குறாரு. ஒரு தை மாசம் அவரைப் பாக்கப் போனப்ப நாராயண் சரோவர் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு. கட்ச்சோட மேற்கு மூலை, கோரி கழிமுகம் பக்கத்துலயே இருக்கு, கடல் காத்துல உப்பு அடிக்குது, தரை முழுக்க கல்லும் சரளையும். அந்தச் சரிவுல அத்தான் காட்டி விடலைன்னா நான் அதைச் செடின்னே நினைச்சிருக்க மாட்டேன். ஆள் ஒசரம்தான் இருக்கும், ஒரு இலை கிடையாது, கிளை எல்லாம் முடிச்சு முடிச்சா கோணிக்கிட்டுப் போய் நுனியில முள்ளா முடியுது, அடியில எங்க பாத்தாலும் காகிதம் மாதிரி பட்டை உரிஞ்சு காத்துல ஆடுது. உரிஞ்ச இடத்துல விரலை வெச்சுத் தேய்ச்சா உள்ளாற பச்சையா இருந்துச்சு. வருஷத்துல பெரும்பாலான மாசம் இலையே இல்லாம நிக்கிற செடி, மழை பேஞ்சாதான் இலை விடும், மத்த நாள் அந்தப் பச்சைத் தண்டை வெச்சே ஓரளவு சமாளிச்சுக்கும். கட்ச்ல வருஷ மழை சராசரியா 350 மில்லிமீட்டரைச் சுத்திதான், அதுவும் சராசரிதான், சில வருஷம் அதுல கால்வாசி கூட வராது. எங்க ஊருல 900 மில்லிமீட்டர் பக்கம் பேஞ்சும் கண்மாய் நெறையலைன்னு புலம்புறோம்.

இப்படிப்பட்ட எடத்துல இருக்குறதால இது ரொம்ப மெதுவாத்தான் பெருக்கும். கத்தி வெக்கிற அளவுக்குத் தண்டு தடிக்க எட்டுல இருந்து பத்து வருஷம் ஆகும். இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி திரும்பத் திரும்ப வரும்.

ஆணே இல்லாத கூட்டம்

குக்குலுவைப் பத்தி நான் படிச்சதுலயே ஆச்சரியமானது இந்த இடம்தான். 1996-ல குப்தா, சிவண்ணா, மோகன்ராம்னு மூணு பேரு சேந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அவங்க பாத்த செடிகள்ல அநேகமா எல்லாமே பெண் செடி, ஆண் பூ பூக்குற செடி அபூர்வத்துலயும் அபூர்வம். அப்புறம் எப்படி காய் காய்க்குதுன்னு பூவை மூடி வெச்சு மகரந்தம் படாம பாத்தா, அப்பவும் காய் வந்துருச்சு, உள்ள விதையும் வந்துருச்சு. அதாவது மகரந்தச் சேர்க்கையே இல்லாம தாயோட நகலா விதை உண்டாகுது, சில நேரம் ஒரே விதைக்குள்ள ஒண்ணுக்கு மேற்பட்ட கரு கூட இருக்குது. பின்னாடி வந்த ஆய்வுகள்ல சில இடத்துல ஆண் பெண் சேர்க்கையிலயும் விதை வருதுன்னு காட்டியிருக்காங்க, ஆனா நகல் எடுக்குற வழிதான் இந்தச் செடிக்குப் பெரிய வழி.

இதுல என்ன லாபம்னா, வறண்ட பூமியில செடிக்குச் செடி நூறு அடி தள்ளி நின்னாலும் துணை தேட வேண்டியதில்ல, தேனீ வரலைன்னாலும் கவலை இல்ல, ஒத்தைச் செடி நின்னாக்கூட விதை போடும். நஷ்டம் என்னன்னா பிள்ளைங்க எல்லாம் தாய் மாதிரியே இருக்கும், புதுசா ஒரு நோயோ பூச்சியோ வந்து தாயைச் சாய்ச்சா அந்தச் சரிவுல நிக்கிற எல்லாத்தையும் சாய்க்கும். அதைவிட இன்னொண்ணு இருக்கு. ஒரு பகுதியில நிக்கிற கூட்டம் செத்துப் போச்சுன்னா அந்த ரகமே போச்சு, பக்கத்து மலையிலருந்து மகரந்தம் வந்து கலந்து அதோட குணத்துல பாதியாவது எங்கயாவது மிச்சம் இருக்கும்ங்கிற பேச்சுக்கே பெருசா இடமில்ல.

விதை போட்டா மட்டும் முளைச்சிருமான்னு கேட்டா, அதுவும் சிரமம்தான். காயைப் பிளந்தா உள்ள ரெண்டு நிறத்துல விதை கிடைக்கும், கறுப்பு ஒண்ணு வெள்ளை ஒண்ணு. கறுப்புதான் முளைக்கத் தெம்பு உள்ளது, வெள்ளை பெரும்பாலும் பதர். கறுப்புலயும் ஓடு கெட்டி, முளைப்பு கம்மி. முளைச்ச கன்னு முதல் கோடையைத் தாண்டணும், ஆட்டு வாய்லருந்து தப்பணும். அந்தச் சரளைக் காட்டுல கள்ளிப் புதர்தான் அதுக்குக் காவல்காரன், முள்ளும் பாலும் உள்ள கள்ளிக்குள்ள ஆடு ஒட்டகம் வாய் வெக்காது, நிழலும் கிடைக்கும், அதுக்குள்ள விழுந்த விதைக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம். நாராயண் சரோவர் பக்கம் நான் பாத்த சின்னக் கன்னு ஒண்ணு அப்படித்தான் கள்ளிக்கு நடுவுல தலையை நீட்டிக்கிட்டு நின்னுச்சு, வெட்டவெளியில நின்னது பூராவும் பெருசுதான்.

செடிக் கூட்டத்தோட ஆரோக்கியத்தைப் பாக்குறவங்க மொத்தம் எத்தனை நிக்குதுன்னு மட்டும் எண்ண மாட்டாங்க, தண்டோட தடிமனை அளந்து கன்னு எத்தனை, எளசு எத்தனை, முத்தல் எத்தனைன்னு பிரிப்பாங்க. நல்லா இருக்குற கூட்டத்துல கன்னு ஏகப்பட்டது இருக்கும், மேல போகப் போகக் குறையும். குக்குலு காட்டுல கதை தலைகீழ், கன்னு வரிசை காலி. அப்படி ஒரு கூட்டத்துல பெரிய செடி ஒவ்வொண்ணும் சாகும்போது அதுக்குப் பதிலா நிக்க ஆள் கிடையாது. மொத்த எண்ணிக்கை பாக்க நல்லாத்தான் தெரியும், திடீர்னு ஒரு வருஷம் கணக்கெடுத்தா பொத்துனு விழுந்திருக்கும்.

மெதுவா வளருற எந்தச் செடிக்கும் இன்னொரு விதி உண்டு. இந்த மாதிரிக் கூட்டத்துல வருஷத்துக்கு எத்தனை விதை விழுதுங்கிறதை விட, பெரிய செடியில எத்தனை அடுத்த வருஷம் பாக்குதுங்கிறதுதான் கூட்டத்தைத் தாங்குது. விதை ஒரு வருஷம் பொய்ச்சா பாதகமில்ல, பெருசு நின்னா அடுத்த வருஷம் போடும். பெருசைத் தொட்டா முடிஞ்சுது. கோந்து எடுக்குற ஆளு கரெக்டா பெருசைத்தான் தொடுறான், ஏன்னா அதுலதான் கோந்து இருக்கு.

கத்தியும் மருந்தும்

கோந்து இருக்குறது பட்டைக்குள்ள, மரக்கட்டைக்கு வெளியில உள்ள சதைப்பட்டையில ஓடுற மெல்லிசான குழாய்கள்ல. மார்கழி வாக்குல ஆரம்பிச்சு கோடை வரைக்கும், செடி இலை உதுத்துட்டு நிக்கிற காலத்துல தண்டுல கத்தி வெச்சு ஆழமில்லாமக் கீறுவாங்க. மஞ்சளா வெள்ளையா பால் கசிஞ்சு காத்துப்பட்டு எறுகும். பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ போய் சுரண்டி எடுத்துட்டு வருவாங்க. ஒழுங்கா எடுத்தா ஒரு செடியில ஒரு சீசனுக்கு கால் கிலோல இருந்து அரை கிலோ வரைக்கும் கிடைக்கும். அப்புறம் அந்தச் செடியை ரெண்டு மூணு வருஷம் காயம் ஆற விட்டா திரும்பவும் குடுக்கும்.

இதுக்கு நடுவுலதான் வேகம் வந்துச்சு. கட்ச்ல உள்ளூர் முறைன்னே ஒண்ணு பதிவாகியிருக்கு: குதிரை மூத்திரம், மயில்துத்தம், கொஞ்சம் குக்குலுக் கோந்து மூணையும் குழைச்சு அந்தக் களிம்பை வெட்டுவாயில பூசுறது. பூசுனா கோந்து கொட்டும், ஆனா செடி பிழைக்காது. 1980-கள்ல விஞ்ஞானிகளே எத்தஃபான்ங்கிற ரசாயனத்தை ஊசி வழியா ஏத்திச் சோதனை பண்ணுனாங்க. பழம் பழுக்க வைக்கிறாங்கல்ல, அதே எத்திலீனை வெளியிடுற மருந்துதான். 400 மில்லிகிராம் குடுத்த செடியில சாதாரணமா வர்றதை விட 22 மடங்கு கோந்து வந்துச்சுன்னு 1989-ல எழுதுனாங்க. அளவா, பக்குவமா, தெரிஞ்ச கையில செஞ்சா செடி தாங்கும்ங்கிறதுதான் ஆய்வோட நோக்கம். காட்டுக்குப் போனா அளவாவது பக்குவமாவது, 22 மடங்குங்கிற நம்பர் மட்டும் தங்கிருச்சு.

நான் பாத்த செடிகள்ல ரெண்டு வகைத் தழும்பு இருந்துச்சு. ஒண்ணு பழைய கீறல், ஓரம் மூடி உதடு மாதிரி தடிச்சு ஆறியிருந்துச்சு, மேல கிளையில மொட்டு இருந்துச்சு. இன்னொண்ணுல தண்டைச் சுத்தி கட்டை வரைக்கும் இறங்குன வெட்டு, வெட்டைச் சுத்தி கறுத்துப்போயி, கிளையை வளைச்சா டப்புனு ஒடியுது. ஆடு மேச்சுக்கிட்டு வந்த ஒரு மால்தாரி பெரியவர் ரெண்டையும் குச்சியால தட்டிக் காட்டி கட்ச்சியில ஏதோ சொன்னாரு, அத்தான் மொழிபெயர்த்ததுல புரிஞ்சது, முதல் வகை அவரு அப்பா காலத்து வேலை, ரெண்டாவது மருந்து வேலை.

இப்ப கணக்கு. ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன், செடிக்குச் செடி மாறும். பக்குவமா எடுத்தா மூணு வருஷத்துக்கு ஒருக்கா 300 கிராம்னு வைங்க, முப்பது வருஷத்துல 3 கிலோ. மருந்து போட்டா ஒரே சீசன்ல அதே 3 கிலோ, அதோட செடி காலி. கோந்து எடுக்குறவருக்கு அந்த நெலம் சொந்தமில்ல, அடுத்த மூணு வருஷம் கழிச்சு அவரு திரும்பி வர்றப்ப அந்தச் செடி அவருக்காகக் காத்திருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, அவரு விட்டா வேற ஒருத்தர் எடுப்பாரு. வியாபாரி முன்பணம் குடுத்திருப்பாரு, அதை இந்த சீசன்லயே அடைக்கணும். இதுல அவரைப் பேராசைக்காரர்னு திட்டுறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும். பஞ்ச காலத்துல விதைநெல்லைக் குத்திப் பொங்குனவனை யாரு குத்தம் சொல்ல முடியும். அந்த மூணு வருஷம் காத்திருக்குறதுக்கு யாராவது அவருக்குக் காசு குடுத்தாங்களா, அதைக் கேளுங்க.

தேவை எங்கிருந்து வந்துச்சு

ஆயுர்வேதத்துல குக்குலு பழசிலிருந்தே இருக்கு. யோகராஜ குக்குலு, திரிபலா குக்குலு, காஞ்சனார குக்குலுன்னு நம்ம கடை அலமாரியில ஒரு வரிசையே அதுதான். ஆனா உலக மார்க்கெட்டுக்கு அதைக் கொண்டு போனது 1966-ல காசி இந்து பல்கலைக்கழகத்துல சத்தியவதி செஞ்ச ஆய்வு. உடம்புல கொழுப்பு கூடுற நோய்க்கு சுஸ்ருத சம்ஹிதையில சொன்னதை முயல்ல சோதிச்சுப் பாத்து, ரத்தக் கொழுப்பு குறையுதுன்னு காட்டுனாங்க. அதுக்கப்புறம் லக்னோவுல உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதுலருந்து குக்குலிப்பிட்டுன்னு ஒரு சாறை எடுத்து 1980-கள்ல இந்தியாவுல விற்பனைக்கு வந்துச்சு, அமெரிக்காவுல சத்து மாத்திரைக் கடைகளுக்கும் போச்சு. 2003-ல அமெரிக்காவுல 103 பேருக்கு எட்டு வாரம் குடுத்துப் பாத்த சோதனையில கெட்ட கொழுப்பு குறையவே இல்ல, கொஞ்சம் கூடித்தான் போச்சு. அந்த மவுசு அங்க எறங்கிருச்சு. இங்க எறங்கல. மூட்டுவலி, தைராய்டு, உடம்பு இளைக்கன்னு விளம்பரம் மாறுச்சே தவிர சரக்கு ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இத்தனை சரக்குக்கு இந்தியக் காடு பத்தாது, ரொம்ப காலமா பெரும்பகுதி பாகிஸ்தான்லருந்துதான் வந்துச்சு, அங்க தார்பார்க்கர், நகர்பார்க்கர் பக்கத்துக் காட்டுலயும் இதே மருந்து வேலை, இதே சாவு. 2019 பிப்ரவரியில பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீதம் வரி போட்டாங்க, 2025 மே மாசம் இறக்குமதியே முழுசா தடை. அரசியல் காரணம் வேற, அதுக்குள்ள நான் போகல. செடிப் பக்கத்துலருந்து பாத்தா ஒண்ணுதான் அர்த்தம்: இங்கிட்டு உள்ள தேவை குறையாம அங்கிட்டுருந்து வர்ற குழாயை அடைச்சா, அழுத்தம் முழுசும் ராஜஸ்தான் கட்ச் சரிவுல மிஞ்சி நிக்கிற பெரிய செடி மேல வந்து விழும்.

கடையில இதோட வாசனை அடிச்சுருச்சு. போன வருஷம் ஒரு ஆச்சி வந்து, "ஏப்பா, போன தடவை வாங்குனது மாதிரி இது மணக்கலையே, கரியில போட்டா குப்புனு புகையுது, வாசத்தைக் காணோம்"னு திருப்பிக் குடுத்துட்டாங்க. சித்தப்பா கட்டியை வாங்கி ஒடச்சுப் பாத்தாரு. நல்ல மைசாட்சின்னா ஒடச்ச இடம் மெழுகு மாதிரி பளபளன்னு, வெளிச்சத்துல பிடிச்சா பழுப்பு மஞ்சளா ஊடுருவித் தெரியும், உள்ளங்கையில வெச்சு அமுக்குனா சூட்டுக்கு எளகி ஒட்டும், வெந்நீர்ல போட்டா பால் மாதிரி கலங்கும். இதுல மண்ணு, பட்டைத் துண்டு, சின்னச் சின்னக் கல்லு, நடுநடுவுல வேற பிசின். வெந்நீர்ல போட்டா அடியில மணல் தங்குச்சு. கிளையிலருந்து சுரண்டுன மொதத் தரம் தனி, பட்டையோட கலந்தது ரெண்டாந்தரம், தரையில வழிஞ்சு மண்ணோட பெறக்குனது மூணாந்தரம்னு சந்தையில எப்பவுமே உண்டு. மருந்து போட்டுக் கொட்ட வெச்சா கோந்து தண்டுலயே நிக்காது, வழிஞ்சு மண்ணுல விழும். அதனால கட்டியில மண்ணு அதிகமா இருந்தா ஒரு சந்தேகம் வெக்கலாம்னு நான் சித்தப்பாகிட்ட சொன்னேன், அவரு, "தம்பி, மண்ணு கலந்ததுதான் மலிவு, மலிவுதான் ஓடும், சந்தேகத்தை வெச்சு நான் கடையா நடத்த முடியும்"னாரு. அதுலயும் நியாயம் இருக்கு.

கோந்தைத் தாண்டி

மத்த ஆபத்துகள்ல பெருசு நெலம். நாராயண் சரோவர் சரணாலயம் சிங்காரா மானுக்காக 1981-ல அறிவிச்சது, 765 சதுர கிலோமீட்டர். குக்குலுவுக்கும் அது தானாவே ஒரு அடைக்கலம் ஆச்சு. கீழ சுண்ணாம்புக்கல்லும் பழுப்பு நிலக்கரியும் இருக்குன்னு 1993-ல அதை 95 சதுர கிலோமீட்டருக்குச் சுருக்குனாங்க, ஹைகோர்ட் சட்டசபைத் தீர்மானம் இல்லாம செல்லாதுன்னு அதை ரத்து பண்ணுச்சு, 1995-ல சட்டசபையிலயே தீர்மானம் போட்டு 444 சதுர கிலோமீட்டர்னு முடிச்சாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட் போயி 2000-ல சட்டசபை முடிவு நின்னுச்சு. மானுக்காக வந்த வழக்கு, மானுக்காக நடந்த விவாதம், அந்த 321 சதுர கிலோமீட்டரோட வெளிய போன செடிகளைப் பத்தி யாருக்கும் பேச்சு வரல. மானு வேற பக்கம் ஓடிப் போகலாம், பத்து வருஷச் செடியால முடியாது. அந்தப் பக்கம் சுரங்கம், சிமெண்ட் ஆலை, இப்ப காத்தாலை, காத்தாலைக்குப் போற ரோடுன்னு காடு துண்டு துண்டாகிக்கிட்டு இருக்கு. ரோடு போட்டா கோந்து எடுக்க வர்றவங்களுக்கும் வழி போட்ட மாதிரிதான்.

அப்புறம் சீமைக்கருவேலம். நம்மளுக்குச் சொல்லவே வேண்டாம், சிவகங்கை ராமநாதபுரம் கண்மாயெல்லாம் அதுதான். 1870-கள்ல மெட்ராஸ் மாகாணத்துக்கு விதை வந்துச்சு, கட்ச்ல உப்புப் பாலை பரவாம இருக்கணும்னு 1961-ல வனத்துறையே 'பன்னி'ங்கிற பெரிய புல்வெளி ஓரமா 30,000 எக்டேருக்கு மேல நட்டாங்க. அங்க அதுக்குக் 'காண்டோ பாவல்'னு பேரு. நம்மூர்ல கண்மாயை அடைக்குற மாதிரி அங்க ஓடைக்கரையும் பள்ளமும் அதோட கையில, வேர் ஆழம் போயி ஈரத்தை உறிஞ்சுரும், குக்குலுக் கன்னுக்கு மழைக்காலத்துல கிடைக்குற ரெண்டு மாச வெளிச்சமும் ஈரமும் போச்சு. கல்லுச் சரிவுல மட்டும் இன்னும் கொஞ்சம் தப்பிச்சு நிக்குது. கூடவே கரையான், வெட்டுவாயில பூஞ்சை, ஆடு, அடுப்புக்கு வெட்டுறது. இதெல்லாம் தனியா வந்திருந்தா செடி தாங்கியிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

நட்டா தீருமா

போத்துல வர்ற செடின்னு மேலயே சொன்னேன். முத்துன கிளையை வெட்டி நர்சரியில வெச்சா பாதிக்கு மேல வேர் விடுது, விதையோட மல்லுக்கட்டுறதை விட இது ரொம்ப சுலபம். ராஜஸ்தான்ல அஜ்மீர் பக்கம் மங்களியாவாஸ்ல குக்குலுவுக்குன்னே தனிப் பண்ணை இருக்கு. லக்னோவுல உள்ள மருந்துச் செடி ஆராய்ச்சி நிலையமான சிமாப் 'மருசுதா'ன்னு ஒரு ரகம் குடுத்திருக்கு. புஜ்ல உள்ள பாலைவனச் சூழலியல் நிறுவனம் கட்ச் காடுகளைக் கணக்கெடுத்திருக்கு. தேசிய மருந்துச் செடி வாரியம் நடவுக்குக் காசு குடுத்திருக்கு. சும்மா இருந்தாங்கன்னு யாரையும் சொல்ல முடியாது.

சிக்கல் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு, ஒரே ரகத்துப் போத்தை ஆயிரம் எக்டேர்ல நட்டா, ஏற்கனவே நகலா நிக்கிற செடிக் கூட்டத்தை இன்னும் ஒரே நகலாக்குறோம். அதனால தோட்டத்துக்கு மருசுதா போடுங்க, காட்டை மீட்க அந்தந்தச் சரிவுலருந்து எடுத்த போத்தையும் கறுப்பு விதையையும் போடுங்க, ரெண்டையும் கலக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். கன்னைக் கள்ளிப் புதருக்குள்ள வெச்சா வேலிச் செலவும் மிச்சம்.

ரெண்டாவது, எட்டு பத்து வருஷம். எந்த விவசாயி காத்திருப்பாரு? எட்டு வருஷத்துக்கு நடுவுல அவருக்கு வருமானம் வேணும், ஊடுபயிர் போடணும், அப்படியே காத்திருந்து கோந்து எடுத்தாலும் பக்கத்து மலையில மருந்து போட்டு எடுத்த சரக்கோட அதே விலைக்குத்தான் விக்கணும். காட்டுல கிடைக்கிறது ஓசி, அவரு போட்டது எட்டு வருஷ முதலீடு. இந்தப் போட்டியில அவரு எப்படி ஜெயிப்பாரு. தோட்டத்துச் சரக்குன்னு தனியா அடையாளம் வெச்சு தனி விலை குடுக்காத வரைக்கும் நடவுத் திட்டம் எல்லாம் நட்டுட்டு போட்டோ எடுக்குறதோட நின்னுரும். அந்த விலையைக் குடுக்க வேண்டியது மருந்து கம்பெனிங்கதான், நாங்க வாங்குற சில்லறையெல்லாம் அதுக்குப் பக்கத்துல தூசி. ஆனா எங்க மொத்த வியாபாரிகிட்ட பில்லுல எந்த ஊரு, தோட்டமா காடான்னு எழுதித் தரச் சொல்லிக் கேக்க ஆரம்பிச்சுருக்கோம். இது வரைக்கும் எழுதித் தரல.

இங்க நடலாமான்னு கேக்குறவங்களுக்கு: தொட்டியில வெச்சு அழகு பாக்கலாம். ஐப்பசி கார்த்திகையில நம்ம மழை ஒரு வாரம் விடாமப் பேஞ்சு தண்ணி நின்னா வேர் அழுகிரும், செம்புறாங்கல் மேட்டுல வடிகால் இருந்தா தாங்கலாம், கோந்து வியாபாரக் கணக்கெல்லாம் போட வேண்டாம். கொல்லைக்கு வேலி வேணும்னா கிளுவையே நடுங்க, அது நம்ம மண்ணுச் செடி.

2025 மழைக்கு நட்ட போத்து கத்திக்குத் தயாராக 2033-ல இருந்து 2035 ஆகும். அது வரைக்கும் சந்தைக்கு வர்ற உள்நாட்டுச் சரக்குல பெரும்பகுதி காட்டுச் சரக்குன்னு எடுத்துக்கிட்டுதான் ஆர்டர் போடணும். சித்தப்பாவோட பேசி, புகைக்குக் கேக்குறவங்களுக்கு மைசாட்சிக்குப் பதிலா சாம்பிராணியும் வெண்குங்கிலியமும் எடுத்துக் குடுக்குறதுன்னும், வைத்தியர் சீட்டோட வர்றவங்களுக்கு மட்டும் மைசாட்சி எடுக்குறதுன்னும் வெச்சுருக்கோம். ஆடி மாசம் போட்ட ஆர்டர்ல பாதி மூட்டைதான் எழுதியிருக்கு.